ஹஃப்ஸா பார்த்து வைக்கும் கதவு

ஹஃப்ஸாவை எனக்குப் பிடிக்காது. ஒருத்தரைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் இப்படித் தொடங்குவது முறையில்லைதான். ஆனால் பிடிக்கும் என்று தொடங்கிவிட்டு நடுவில் வயிற்றெரிச்சலைக் கொட்டினால் அது இன்னும் அசிங்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நேரில் பார்த்தால் "வாங்கக்கா, சொல்லுங்கக்கா" என்றுதான் பேசுவேன். எழுதும்போதாவது 'அவள்' என்று சொல்லிக்கொள்கிறேனே.

என் பெயர் சிவக்குமார். காரைக்கால் கோவில்பத்தில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். அது பிழைப்பு. மற்றபடி நான் கராத்தே மாஸ்டர். பிளாக் பெல்ட்டில் இரண்டாம் நிலை. காலையில் ஸ்கூல் மைதானத்தில் பிள்ளைகளுக்கு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு. என் மனைவி இளவேனில் டவுனில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக் கொடுக்கிறாள். அதே கடையில் பில் போடுகிறவள்தான் ஹஃப்ஸா.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இந்த ஒன்பது வருஷத்தில் என் மனைவியின் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். "நீங்க கூட இருந்தா எனக்குப் பயமில்ல." அவ்வளவுதான். கையால் ஓடு உடைக்கிறவன் இதற்குக்கூடவா ஆசைப்படக் கூடாது? அந்த வாக்கியத்தை அவள் சொல்லாமல் இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வாள். "லாத்தா கூட இருந்தா எனக்கு ஒரு பயமும் இல்லங்க" என்பாள். லாத்தா என்றால் ஹஃப்ஸா வீட்டுப் பக்கம் அக்கா. கூடப் பிறந்த அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள், கூட வேலை பார்க்கிறவளை லாத்தா என்கிறாள்.

அந்த ஹஃப்ஸாவுக்கு அப்படி என்ன வீரம் என்று கேட்டால், ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை ஓடுவது.

அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பெரிய பள்ளிவாசல் பக்கம் குடையும் கைலியும் விற்றவர்; அவள் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். ஹஃப்ஸாவின் கணவர் கபீர் அப்படித்தான் ஒரு சூட்கேஸோடு வந்தார். ஐந்தாவது மாதம் அதே சூட்கேஸோடு ஷார்ஜா போனார். இருபத்து மூன்று வருஷமாக இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிறார். மகன் இஃபாத் சென்னையில் படிக்கிறான். முன்வாசல் ஒரு தெருவிலும் கொல்லைவாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கிற அந்த வீட்டில், ஹஃப்ஸாவும் அவள் அம்மா ஜொஹராவும்தான் இத்தனை காலமும். இரண்டு பெண்கள், எட்டுக் கதவுகள். எந்தக் கதவு எந்த நேரம் தாழிட்டிருக்கும், எது சும்மா சாத்தியிருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். எங்கே போனாலும் முதலில் வெளியே போகிற வழியைப் பார்த்து வைக்கிற பழக்கம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

அவளைப் பற்றி இளவேனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை ஒன்று உண்டு. ஹஃப்ஸாவுக்குப் பத்தொன்பது வயது. கோட்டுச்சேரியில் டைப்ரைட்டிங் படித்துவிட்டு பஸ்ஸில் வருகிறாள். அவள் இறங்கிய இடத்தில் ஒருத்தனும் இறங்குகிறான். அவள் நடந்தால் நடக்கிறான், நின்றால் நிற்கிறான். வழியில் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் வாழைமரம். ஹஃப்ஸா நேரே உள்ளே போனாள். சந்தனம் எடுத்துக்கொண்டாள், கல்கண்டு எடுத்துக்கொண்டாள், பந்தியில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் சாப்பிட்டாள். அப்புறம் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் மெதுவாக, "நா ஒங்க சொந்தம் இல்லம்மா, வெளிய ஒருத்தன் நிக்கிறான்" என்று சொன்னாள். நான்கு பேர் கூடப் போய் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் காதுகுத்து என்றால் ஹஃப்ஸாவுக்குப் பத்திரிகை வருகிறது.

இதை முதல் தடவை கேட்டபோது நான் சொன்னேன். "பின்னாடி வர்றவனுக்கு ஒரு முழங்கை போதும். விலா எலும்புல சரியா வெச்சா அங்கேயே உக்காந்துடுவான்."

"பாயசம் கெடைச்சிருக்காதே" என்றாள் இளவேனில்.

போன வருஷம் மெடிக்கல் ஷாப்பில் நடந்ததுதான் என்னை ஒரேயடியாகச் சாய்த்தது. எங்கள் ஊரில் சாராயம் மலிவு. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கடை அடைக்கிற நாளில் எங்கள் ஊர் ரோட்டில் நடக்க முடியாது. அப்படி ஒரு நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருத்தன் கையில் உடைந்த பாட்டிலோடு கடைக்குள் வந்துவிட்டான். தூக்க மாத்திரை வேண்டும். டாக்டர் சீட்டு இல்லை. இளவேனில் முடியாது என்று சொல்லியிருக்கிறாள். அவன் பாட்டிலைக் கண்ணாடி மேஜைமேல் தட்டினான்.

ஹஃப்ஸா எழுந்து மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினாள். "உக்காருங்கண்ணே, வேர்த்துக் கொட்டுது. ஸ்டாக்கு உள்ள இருக்கு, எடுத்துட்டு வர்றோம்" என்றாள். இளவேனிலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே போனவள் அப்படியே பின்கதவு வழியாக வெளியே வந்து, வெளிப்பக்கம் தாழ் போட்டுவிட்டு, அடுத்த தெரு டீக்கடையில் போய் நின்று போன் செய்தாள். முதலாளி பீர் மைதீனும் அக்கம்பக்கத்தாரும் ஓடி வந்து பார்த்தால், அவன் காற்றாட பெஞ்சில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கல்லாவத் தொறந்து போட்டுட்டா போறது?" என்று பீர் மைதீன் சத்தம் போட்டாராம்.

"கல்லாவுக்கு நோவாது மொதலாளி" என்றாளாம் ஹஃப்ஸா.

இளவேனில் வீட்டுக்கு வந்து, தோள் பையைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடி, உடைந்த பாட்டிலோடு வருகிறவனை எப்படி மடக்குவது என்று கரண்டியை வைத்துச் செய்து காட்டினேன். இடது கையால் தட்டி, வலது கையால் மணிக்கட்டை முறுக்கி, முழங்காலால் ஒன்று. முழங்கால் சாம்பார்ச் சட்டியில் பட்டது.

"நான் மட்டும் அங்க இருந்திருந்தா..." என்றேன்.

"நீங்க இருந்திருந்தா கடையில ஒரு பாட்டிலும் முழுசா இருந்திருக்காது" என்று சொல்லிவிட்டு, தரையைத் துடைக்கத் துணி எடுக்கப் போனாள்.

அன்றிலிருந்து எனக்கு ஹஃப்ஸா என்ற பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இருபது வருஷமாக விடிகாலையில் எழுந்து, முட்டி தேய்ந்து, விரல் வீங்கி நான் கற்றுக்கொண்டதை ஒரு மின்விசிறியைத் திருப்பி வைத்து ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள். அதையும் என் மனைவியின் கண்முன்னால் செய்துவிட்டாள்.

இளவேனில் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு இரண்டே இரண்டு நாள் வந்தாள், நின்றுவிட்டாள். ஆனால் ஒரு ஞாயிறு ஹஃப்ஸாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பதினொரு பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். கத்தியோடு ஒருத்தன் வந்தால் என்ன செய்வது என்று நான் மரக்கத்தியை வைத்து விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஹஃப்ஸா பின்னால் நின்று துப்பட்டாவைச் சரிசெய்தபடி கேட்டாள்.

"மாஸ்டர், பக்கத்துல கதவு இருந்தாலும் அடிக்கணுமா?"

பதினொரு பெண்களும் சிரித்துவிட்டார்கள். கிண்டலுக்குக் கேட்கவில்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "கதவு இல்லாத இடத்துக்குத்தாங்க்கா இந்த வகுப்பு" என்றேன். "அப்ப சரி" என்று தலையாட்டிவிட்டு, கடைசி வரைக்கும் நின்று பார்த்தாள். வகுப்பு முடிந்ததும் பெண்கள் என்னைச் சுற்றி நிற்பது வழக்கம். அன்று அவளைச் சுற்றி நின்றார்கள். காலேஜில் பாடம் நடத்தும் பஹீமா, ஷேர் ஆட்டோவில் ஏறினால் எந்தப் பக்கம் உட்காருவது என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓரமாக நின்று மரக்கத்தியைத் துணியில் சுற்றினேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று அவள் என்னிடம் ஒன்று கற்றுக்கொண்டாள். அடிவயிற்றிலிருந்து கத்துவது. பெண்களுக்கு அதுதான் வராது. வாயைத் திறந்தால் பாதிப் பேருக்கு வெட்கம் வந்துவிடும். ஹஃப்ஸா முதல் தடவை கத்தியதிலேயே கீழே இருந்த வாட்ச்மேன் மேலே ஓடி வந்தார். "இது நல்லாருக்கு மாஸ்டர், திரும்பச் சொல்லிக் குடுங்க" என்றாள். இதை நான் இளவேனிலிடம் சொல்லவில்லை. ஹஃப்ஸாவுக்கு இன்னொரு பெருமை என் வாயால் போய்ச் சேர வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறேன்.

ஆனி மாதம் எங்கள் ஊரில் சாமி வீதி வரும்போது, தெருவின் இரண்டு பக்கத்து மாடிகளிலிருந்தும் மாம்பழங்களைக் கூட்டத்தின்மேல் வீசுவார்கள். வேண்டுதல் வைத்தவர்கள் கூடை கூடையாக வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் துண்டு விரித்தும், குடையைக் கவிழ்த்துப் பிடித்தும், வெறுங்கையாலும் பிடிப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் அந்தப் பழத்தைச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. எங்களுக்கு ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அதனால் எங்களுக்கு அது வெறும் மாம்பழம்தான். ஆனாலும் வருஷா வருஷம் போவோம். இந்தத் தடவை மகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம்.

மெடிக்கல் ஷாப் அந்தத் தெருவில்தான். கூட்டத்தில் கண்ணாடி உடையும் என்று அன்றைக்குக் கூட்டம் கலைகிற வரைக்கும் கடை அடைத்துவிடுவார்கள். இளவேனில் சணல் பையை மாட்டிக்கொண்டு வந்தாள். ஹஃப்ஸாவும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். வந்தவள் சும்மா நிற்கவில்லை. கடைக்குப் பக்கத்து வீட்டு வாசலில் ஏறி, "தண்ணி கொஞ்சம் குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "ஒங்க கொல்லக் கதவு அந்தத் தெருவுல தொறக்குமா? இன்னிக்குத் தொறந்துதான் இருக்கா?" என்று விசாரித்துவிட்டு வந்தாள்.

"சாமி பாக்க வந்த எடத்துலயுமா?" என்று இளவேனில் காதில் சொன்னேன். ஹஃப்ஸாவைக் கிண்டல் செய்ததில் எனக்குச் சந்தோஷம். அவளும் சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டே இருந்தார்கள். நகைகள் பத்திரம், கூட்டத்தில் சங்கிலி அறுப்பவர்கள் இருக்கலாம், பெண்கள் கவனம். நான் இளவேனிலுக்குப் பின்னால் அரை அடி தள்ளி, கால்களை அகட்டி நின்றேன். இன்றைக்கு ஒருத்தன் வரட்டும் என்று இருந்தது. பொய் சொல்லவில்லை. எவனாவது வர வேண்டும், ஹஃப்ஸா பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், இளவேனில் திரும்பி என்னைப் பார்க்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டேன்.

சாமி தாண்டியதும் பழம் விழத் தொடங்கியது. கூட்டம் ஒரே தள்ளாக எங்கள் பக்கம் வந்தது. அந்த நேரத்தில்தான் பார்த்தேன். ஒரு கை இளவேனிலின் தோளுக்கு மேலாக, கழுத்தை ஒட்டி நீண்டது. கறுத்த, காய்த்துப்போன விரல்கள். அதற்குச் சொந்தக்காரன் அவள் முதுகின்மேல் சாய்ந்திருந்தான். அவள் தாலிச் சங்கிலி வெளியே கிடந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் செய்யத்தானே இருபது வருஷம் பழகினேன். மணிக்கட்டைப் பிடித்து வெளிப்பக்கம் முறுக்கி, உள்ளங்கையால் முழங்கைக்குக் கீழே ஒரு அடி. காய்ந்த குச்சி முறிகிற மாதிரி சத்தம் கேட்டது.

அவன் கீழே உட்கார்ந்து கத்தினான். "மாம்பழங்க... அய்யோ, மாம்பழந்தாங்க!"

சங்கிலி அறுக்க வந்தவன் மாம்பழம் என்று கத்த மாட்டான். அவன் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் மஞ்சள் துண்டு, நெற்றியில் விபூதி. கை தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் வருஷத்தில் ஒரு நாள் எல்லோருடைய கையும் தலைக்குமேல் இருக்கும். நான் அந்த நாளில் போய்க் கையைப் பார்த்து ஆளை எடை போட்டிருக்கிறேன்.

"அண்ணனை அடிச்சுட்டான்டா!" என்று ஒரு குரல். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான்கைந்து பேர் வந்தார்கள். நான் என்னை அறியாமல் மறுபடி கால்களை அகட்டினேன். ஐந்து பேர் என்றாலும் சமாளிப்பேன் என்று உடம்பு சொன்னது. அதற்குள் என் சட்டைக் காலரை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். ஹஃப்ஸா. இன்னொரு கையில் இளவேனிலைப் பிடித்திருந்தாள்.

"மாஸ்டர், இந்தப் பக்கம். வாங்க!"

பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தோம். வீட்டார் எல்லோரும் மாடியில் பழம் வீசிக்கொண்டிருந்தார்கள். கூடம், அதைத் தாண்டி முற்றம், அதைத் தாண்டி அடுப்படி. பிளாக் பெல்ட் இரண்டாம் நிலை, முன்பின் தெரியாத வீட்டின் அடுப்படி வழியாக இரண்டு பெண்களுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாள் எங்களைப் பார்த்துக் கொஞ்சமும் பதறவில்லை. "கொல்லையில வழுக்கும், பாத்துப் போங்க" என்றாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது.

அடுத்த தெரு காலியாகக் கிடந்தது. மூச்சு வாங்க நின்றோம். நான் இளவேனிலின் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டு ஹஃப்ஸாவின் பக்கம் ஒதுங்கினாள்.

"எனக்கு பயமா இருக்குங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்ல."

"அதாங்க பயம். திருடன் வருவான்னு எனக்குப் பயமில்ல. உங்க கூட வந்தா நீங்க என்ன பண்ணிடுவீங்களோன்னுதான் பயம். இன்னிக்குன்னு இல்ல. எங்க போனாலும் எனக்கு அதான் நெனப்பு."

ஒன்பது வருஷம் காத்திருந்ததற்கு இதுதான் வந்தது. ஹஃப்ஸா கேட்காதவள் மாதிரி செருப்பு வாரைச் சரிசெய்தாள். அவள் அங்கே இல்லாமலாவது இருந்திருக்கலாம் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது. அந்த நிலையிலும் எனக்குப் பொறாமைதான் முந்திக்கொண்டு வந்தது. இளவேனில் அழுதபடி முந்தானையை எடுக்கப் பையை நகர்த்தினாள். பைக்குள் ஒரு மாம்பழம் இருந்தது. அவன் கைக்கு வந்து, நான் அடித்ததில் தவறி, அங்கே விழுந்திருந்த பழம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஹஃப்ஸா என் வைண்டிங் கடை வாசலில் வந்து நின்றாள். அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை.

"அந்தாளோட தம்பி ராத்திரி ஆஸ்பத்திரிச் சீட்டோட மாத்திரை வாங்க வந்தான் மாஸ்டர். முன்கை எலும்பு முறிஞ்சிருக்காம். அகரன்னு பேரு, விழிதியூரு. கல்யாணமாயி ஆறு வருஷமா புள்ளை இல்லியாம். அதுக்குத்தான் பழம் புடிக்க வந்துருக்காரு."

நான் கையிலிருந்த செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். "நான்தான்னு தெரியுமா அவங்களுக்கு?"

"தெரியாது. நா சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

"அப்ப விட்டுடலாம்ல. நீங்கதானே எப்பவும் ஒதுங்கிப் போகச் சொல்றவங்க" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன்.

ஹஃப்ஸாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "நேத்து ஓடுனது அந்தப் பசங்க அடிக்கு. நின்னிருந்தா இன்னும் ரெண்டு கை ஒடிஞ்சிருக்கும், அவனுவொளதோ ஒங்களதோ. இன்னிக்கு எதுலேர்ந்து மாஸ்டர் ஓடுறீங்க? யாரு ஒங்கள அடிக்க வர்றா இப்ப?" கிளம்பப் போனவள் திரும்பினாள். "போயிட்டு வாங்க. இளவேனிலையும் கூட்டிட்டுப் போங்க. வண்டிய மட்டும் ரோட்டப் பாக்கத் திருப்பி வெச்சுட்டு எறங்குங்க."

இந்தக் கடைசி வார்த்தையை அவளைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதியம் விழிதியூர் போனோம். பையில் அந்த மாம்பழம். அகரன் வீடு வயலை ஒட்டி இருந்தது. குறுவை நாற்று பறித்து நடுகிற சமயம். அவர் வாசலில் கட்டில் போட்டு, மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வண்டியைத் திருப்பி வைத்துவிட்டு இறங்கி, நேராகப் போய்ச் சொன்னேன். "நேத்து உங்கள அடிச்சது நான்தாங்க. என் சம்சாரத்தோட சங்கிலியப் புடிக்க வர்றீங்கன்னு நெனச்சிட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏங்க, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்றார். 

உள்ளேயிருந்து அவர் தம்பி தெட்சிணாமூர்த்தி வந்தான். இருபத்தைந்து வயது, நல்ல உயரம். யார் என்று தெரிந்ததும் அவன் தோள் பின்னால் போவதைப் பார்த்தேன். கை மேலே வருவதற்கு முன்னாலேயே அது எங்கே விழும், எவ்வளவு வேகத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தடுத்திருப்பேன். தடுத்து முறுக்கியும் இருப்பேன். என் கை இரண்டும் துடித்தன. அதைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டேன். அறை இடது கன்னத்தில் விழுந்தது. காது 'ங்ஙொய்' என்றது. வண்டி ரோட்டைப் பார்த்துத் தயாராக நின்றது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

இரண்டாவது அறைக்குக் கை ஓங்கினான். நான் அப்போதும் கையைத் தூக்கவில்லை. "போதும் விடுங்க தம்பி" என்று ஒரு பெண் குரல். அகரனின் மனைவி தையல்நாயகி.

இளவேனில் பையைத் திறந்து மாம்பழத்தை எடுத்து நீட்டினாள். "இவரு கைக்கு வந்த பழம் இதுதாங்க. என் பையில விழுந்துடுச்சு."

தையல்நாயகி அதை உடனே வாங்கவில்லை. "மண்ணுல விழுந்துச்சா?"

"இல்லங்க. நேரா பையிலதான் விழுந்துச்சு. மண்ணு படவே இல்ல."

இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அகரன் தலையைத் திருப்பிக்கொண்டார். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட எங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

கிளம்பும்போது அகரன் கேட்டார். "நடவு நேரத்துல கையை ஒடிச்சுப் போட்டுட்டீங்க. தம்பி வேலைக்குப் போறவன். ஒத்தக் கையால நா எப்புடி வரப்பு வெட்டுவேன்?"

"நான் வெட்டுறேங்க" என்றேன்.

ஆறு வாரம் தினமும் விடிந்ததும் விழிதியூர் போய் வரப்பு வெட்டினேன், தண்ணீர் திருப்பினேன், அவர் மோட்டாரைக் கழற்றிப் புதுக் கம்பி சுற்றி மாட்டினேன். மண்வெட்டி பிடிக்கிற வேலை கராத்தேவைவிடக் கஷ்டம். முதல் வாரம் தெட்சிணாமூர்த்தி என்னோடு பேசவில்லை. மூன்றாவது வாரம், "அண்ணே, மம்பட்டிய இப்புடிப் புடிக்கணும்" என்றான். காலை வகுப்பை என் சீனியர் மாணவன் பார்த்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் வகுப்பை மட்டும் யாரிடம் விடுவது என்று தெரியாமல், நின்றால் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது நிற்கவில்லை. ஹஃப்ஸா எடுத்தாள்.

இளவேனில்தான் வந்து சொன்னாள். பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு முழுக்க நடக்கிறாளாம். எந்தக் கடைக்குப் பின்வாசல் உண்டு, எந்தத் தெருவில் விளக்கு இல்லை, யார் வீட்டில் கேட்டால் உள்ளே விடுவார்கள், பஸ்ஸில் எந்த இருக்கை, ஒருத்தன் குரலை உயர்த்தினால் எத்தனை அடி தள்ளி நிற்பது. கடைசியில் மண்டபத்து மாடிக்கு வந்து எல்லோரும் அடிவயிற்றிலிருந்து கத்துகிறார்களாம். பதினொரு பேர் பத்தொன்பது ஆகிவிட்டார்கள். கேட்கக் கேட்க எனக்குக் கை கால் எல்லாம் எரிந்தது. என் மண்டபம், என் பெண்கள், என் கத்தல்.

ஆறாவது வாரம் அகரனின் கட்டைப் பிரித்தார்கள். அடுத்த ஞாயிறு நான் மண்டபத்துக்குப் போனேன். ஹஃப்ஸா படிக்கட்டில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வாங்க மாஸ்டர். அல்ஹம்துலில்லாஹ், வந்துட்டீங்க. இந்தப் புள்ளைவொளுக்குக் கைய உதறிக்கிட்டு வர்றது எப்புடின்னு நீங்கதான் சொல்லித் தரணும். கதவு இல்லாத எடமும் இருக்குல்ல. எனக்கு அது வராது."

"பத்தொன்பது பேராமே" என்றேன். வாழ்த்து மாதிரி வரவில்லை, முறைப்பு மாதிரிதான் வந்தது.

அவள் ஒரு டம்ளரை என்னிடம் நீட்டினாள். "ஒங்க பொஞ்சாதி ஒண்ணு சொன்னா, தெரியுமா?"

"என்ன?"

"விழிதியூருல அந்தத் தம்பி கை ஓங்குனப்ப நீங்க கைய தூக்கவே இல்லியாமே. ரெண்டாவது தடவையும் தூக்கலியாம். அதப் பாத்துக்கிட்டு நின்னேன் லாத்தா, அன்னியிலேர்ந்து இவரு கூட எங்க போனாலும் எனக்குப் பயமில்ல லாத்தா, அப்புடின்னா."

ஒன்பது வருஷம் நான் காத்திருந்த அதே வாக்கியம். ஆறு வாரமாக என் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறாள், தினமும் என் தட்டில் சோறு போடுகிறாள், என்னிடம் சொல்லவில்லை. அதைக்கூட இவளிடம்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மாடியில் பெண்கள் வரிசையில் நிற்கிற சத்தம் கேட்டது. டம்ளர் கையில் சுட்டது. நான் அதைப் படிக்கட்டில் வைத்தேன்.

"அக்கா" என்றேன், "அவ என்ன சொன்னான்னு இன்னொரு தடவ சொல்லுங்க."